நடையில் அடித்த அலமாரி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவது என் பழக்கம், இந்தத் தடவை கை வரவில்லை. அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷனில் போட்ட தையல் காய்ந்துவிட்டது, காய்ச்சல் இல்லை, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எந்த வீட்டுக்கு என்பதில்தான் தகராறு. போனில் நீ என்னைப் பேசவே விடவில்லை. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

போன வருஷம் உன் தம்பி வேறு வீடு பார்க்கக் கிளம்பினானே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு அறையில் ஐந்து பேர், அவன் மகள் வாலு ஸ்கூல் பையைச் சமையல் மேடைக்கு அடியில் வைக்கிறாள், இஸ்திரி போட்ட துணியெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, நாமதான் நிற்கிறோம் என்று கத்தினான். மூன்று மாசம் கொடுடா என்று கேட்டேன். லேத் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் நின்றவன் நான், தச்சு வேலை யாரும் சொல்லித்தரவில்லை, ஆனால் அளவு என்று வந்தால் ஒரு நூல் பிசகவிடமாட்டேன். ஹாலிலிருந்தும் படுக்கை அறையிலிருந்தும் பாத்ரூமுக்குப் போகிற நடை மூன்றேகால் அடி அகலம். ஒரு பக்கச் சுவர் முழுக்க, ஒன்றேகால் அடி ஆழத்துக்கு, தரையிலிருந்து கூரை வரை ஏழு தட்டு அடித்தேன். மிச்சம் இரண்டு அடி, ஆள் போக அது போதும். தையல் மெஷின், பாத்திரம், போர்வை, வாலுவின் புத்தகம், உன் பதினோரு பெட்டி எல்லாம் உள்ளே போய்விட்டன. மாடி வீட்டு நர்ஸம்மா டேப்போடு வந்து அளந்துகொண்டு போனாள். நீயும் போட்டோவைப் பார்த்துவிட்டு எங்கப்பா இன்ஜினீயர் என்று ஊரெல்லாம் அனுப்பினாய். நீ மறந்துவிட்டாய், நான் மறக்கவில்லை.

எதிரே ஆள் வந்தால் பக்கவாட்டில் திரும்பி வழிவிடுவோம், அது பழகிப்போயிற்று. வாலு ஸ்கூல் வராந்தாவில்கூட நண்டு மாதிரி நடக்கிறாளாம், மருமகள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அம்மா திரும்பும்போது முழங்கால் வலியில் தட்டைப் பிடித்துக்கொள்வாள். நானும் பார்த்தேன். பிடித்துக்கொள்ள வசதியாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அவள் விழுந்தது பாத்ரூமில், சோப்புத் தண்ணீரில். அலமாரி தள்ளிவிடவில்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் உன் தம்பி காதில் ஏறவில்லை. ஆம்புலன்ஸ் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள், ஸ்ட்ரெச்சர் நடைக்குள் நுழைந்தது, கோடியில் பாத்ரூம் பக்கம் திரும்ப மாட்டேன் என்றது. கடைசியில் போர்வையில் கிடத்தி, ஒருக்களித்து நடந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள், மூன்றாவது தட்டின் விளிம்பில் அவள் கால் இடித்தது. உன்னைப் பெற்றபோதுகூட அவள் அப்படிக் கத்தவில்லை. அந்த இடிக்கு என்னிடம் பதில் கிடையாது, மற்ற எல்லாவற்றுக்கும் இருக்கிறது. உன் தம்பி அந்த ஆட்கள் முன்னாலேயே, உங்க அலமாரியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நீங்களே இருங்க, அம்மாவை நான் பார்த்துக்கிறேன் என்றான். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு வாடகை வீடு பேசி வைத்திருக்கிறான், வெள்ளிக்கிழமை நேராக அங்கேதான் கொண்டுபோவானாம், வர்றதுன்னா வாங்க, இல்லைன்னா உங்க இஷ்டம் என்கிறான். நீயும் அவனுக்குத் தாளம் போட்டாய். நான் இந்த வீட்டை விட்டு வரமாட்டேன். இன்றைக்கும் என் பதில் அதுதான்.

ஆளாளுக்கு முடிவு செய்தோமே தவிர அவளை ஒருத்தரும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நான் கேட்டேன். கூரையைப் பார்த்துக்கொண்டே, எந்த வீடா இருந்தா என்ன, யாரையும் கூப்பிடாம நானா எழுந்து பாத்ரூம் போகணும், அது எங்கே முடியுமோ அங்கே வர்றேன் என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, டேப் பையிலேதானே இருக்கு, அளந்து பாருங்களேன் என்றாள். மூன்று மாசம் வாக்கரைப் பிடித்துத்தான் நடக்க வேண்டுமாம். வார்டில் நின்ற வாக்கரின் கால் அகலத்தை அளந்தேன். இருபத்தைந்தரை இன்ச். நம் நடை இருபத்துநாலு.

புதன்கிழமை காலையில் அலமாரியைக் கழற்ற ஆரம்பித்தேன். கீழே உள்ள ஐந்து தட்டும் போய்விட்டது. தலைக்கு மேலே உள்ள இரண்டை எடுக்கவில்லை, சுவரில் இரும்பு ஆங்கிள் அடித்து நிறுத்தியிருக்கிறேன், அது யாருக்கும் இடைஞ்சல் இல்லை, எடுக்கச் சொல்லி நீயும் போன் பண்ண வேண்டாம். போர்வையும் பெரிய பாத்திரமும் அங்கே. கழற்றிய பலகையில் சக்கரம் வைத்த தட்டு நாலு செய்து கட்டில்களுக்கு அடியில் தள்ளிவிட்டேன், துணியும் வாலுவின் புத்தகமும் அதில் அடங்கிவிட்டன. தையல் மெஷின் எங்கள் அறை ஜன்னலுக்குக் கீழே. கதவுகளுக்குப் பின்னால் இவ்வளவு இடம் சும்மா கிடந்தது எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும், கொக்கி அடித்துப் பைகளை மாட்டிவிட்டேன். உளி, சுத்தியல் வைக்கிற என் சாமான் பெட்டிக்கு இடம் வரவில்லை, பழைய பட்டறையில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

உன் பெட்டிகளைப் பிரித்தேன். எட்டு வருஷமாக நீ தூக்கிப் போடுங்க தூக்கிப் போடுங்க என்றாய், நான்தான் நீ வந்து எடுத்துக்கொள்வாய் என்று விடவில்லை. பதினொன்றில் நாலு பெட்டிக்குள் வெறும் பெட்டிதான் இருந்தது. மிக்ஸி வந்த பெட்டி, இஸ்திரிப் பெட்டி வந்த பெட்டி, டிவிக்கு முட்டுக்கொடுத்த தெர்மாகோல். ரிப்பேர் என்றால் கடைக்காரன் பெட்டி கேட்பான் என்று அம்மா பத்திரப்படுத்தியிருக்கிறாள். மிச்சத்தில் டிராயிங் ஷீட், ஒற்றைச் செருப்பு, ஜிப் போன பை. உன் சர்டிபிகேட்டும் போட்டோக்களும் ஒரு பைலில் எங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. மற்றதைப் பழைய பேப்பர்காரர் எடுத்துக்கொண்டு போனார். உன்னைக் கேட்டுச் செய்யவில்லை. கோபம் வந்தால் வரட்டும், எனக்கும் உன்மேல் கோபம்தான்.

நேற்றுச் சாயங்காலம் உன் தம்பி வந்தான். நர்ஸம்மா வாங்கிக்கொடுத்த வாக்கர் ஹாலில் நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு, அம்மா மாதிரியே முதுகை வளைத்து, கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் போனான். நடை இடிக்கவில்லை. நான் அவன் முகத்தைப் பார்த்தேன், அவன் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். பாத்ரூம் வாசப்படி ரெண்டு இன்ச் இருக்குப்பா, அம்மாவால காலைத் தூக்க முடியுமா என்றான். அகலத்தையே அளந்துகொண்டிருந்தவன் நான், உயரத்தைப் பார்க்கவில்லை. உளி பட்டறையில் இருந்தது, ஓடிப்போய் எடுத்து வந்தேன். நான் உடைக்க, அவன் சிமெண்ட் குழைக்க, சரிவாகப் பூசினோம். தண்ணீர் வெளியே வந்தால் துடைத்துக்கொள்ளலாம் என்று மருமகள் சொல்லிவிட்டாள். கை கழுவும்போது, ஒரு மாசம் இங்கே பார்ப்போம், அம்மா ஒரு தடவை தடுக்கினாலும் அப்புறம் உங்க பேச்சை நான் கேட்கமாட்டேன் என்றான். ஒரு மாசம் எதுக்குடா, ஒரு வாரத்துல தெரிஞ்சுடும் என்றேன்.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் எழுந்ததும் சிமெண்டை விரலால் அழுத்திப் பார்த்தேன், ஓரத்தில் இன்னும் ஈரம் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு பலகை போட்டிருக்கிறேன், அது ஆடாமல் இருக்க வேண்டும். பத்து மணிக்கு கார் வருகிறது. எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுத்து இருங்கள், என்னைப் பார்த்து அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். தன் போனைக் கட்டில் பக்கம் வைக்கக்கூடாது, ஹாலிலேயே இருக்கட்டும் என்று அம்மா ஆஸ்பத்திரியிலிருந்தே உத்தரவு போட்டுவிட்டாள். நீ கூப்பிடும்போது நாலு தடவை அடித்ததும் வைத்துவிடாதே. அடிக்கவிடு. நாங்கள் யாரும் எடுக்கமாட்டோம். அவளே நடந்து வந்து எடுப்பாள்.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் தீராத,
அப்பா