ஒரு வார்த்தை விடாம

அண்ணா,

இதை அண்ணிதான் உங்களுக்குப் படிச்சுக் காட்டணும். தெரிஞ்சேதான் எழுதுறேன். குரல் பதிவா அனுப்பலாம்னு போனை எடுத்தேன், கை வரல.

கண் மங்கினதும் உங்க பழைய காரை எனக்குத் தந்தீங்க. ஏறி உக்காந்தா பாட்டாவது உங்களுக்கு நல்லாக் கேக்கட்டும்னுதான் செட்டை மாத்தினேன். கதவுல புது ஸ்பீக்கர், சீட்டுக்கடியில அடிச்சத்தத்துக்கு ஊஃபர், போன்லேருந்து பாட்டுப் போக ப்ளூடூத். பழைய ரேடியோ முகப்பை மட்டும் தொடல. நீங்க தடவியே கண்டுபிடிக்கிற குமிழாச்சே.

ஞாயித்துக்கிழமை உங்களை வாசல்ல காருக்குள்ள உக்கார வச்சு, பாட்டைப் போட்டுட்டு உள்ள வந்தேன். அந்தப் பாட்டு என் போன்லேருந்து போகுதுங்கிற நினைப்பே எனக்கு இல்ல. முன்ரூம்ல உக்காந்து, காலையில சிநேகிதனுக்கு உங்களைப் பத்திப் பேசி அனுப்பின பதிவைத் திரும்பப் போட்டேன், ரொம்பப் பேசிட்டமோன்னு. போன்ல சத்தமே வரல. சத்தத்தை முழுசா ஏத்தி வச்சு, மறுபடியும் முதல்லேருந்து போட்டேன்.

அது எங்க கேட்டிருக்கும்னு நேத்து காரைக் கிளப்பி, என் போன் சத்தம் கார் ஸ்பீக்கர்ல வந்தப்பத்தான் உறைச்சுது.

அதுல இருந்ததை அண்ணி வாயால படிக்க வைக்க மாட்டேன். உங்களைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு அலையறதைப் பத்தின பேச்சு. உங்களுக்குத்தான் தெரியுமே.

அன்னைக்கு நீங்க இறங்குறப்போ கையை நீட்டினேன். "வேணாம்டா"ன்னு சொல்லி, சுவத்தைத் தடவிக்கிட்டு நீங்களே உள்ள வந்தீங்க. செட்டு எப்படின்னு அண்ணி கேட்டாங்க.

"தம்பி பிரமாதமாப் பண்ணியிருக்கான். ஒரு வார்த்தை விடாம கேக்குது."

பாராட்டுன்னு நினைச்சு, பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன் அண்ணா.

உங்க தம்பி