உள்ளே கட்டிய வேப்பிலை

என்றும் பிரியமான அப்பா,

வாசல் படலையில் கட்டியிருந்த வேப்பிலையை அன்று யார் சொல்லிக் கழற்றினீர்கள்? எனக்கு விடை தெரியாது. நீங்களும் போய்விட்டீர்கள்; இனித் தெரியவும் போவதில்லை.

இரண்டாம் உலகப்போருக்கு முந்திய யாழ்ப்பாணம். உங்கள் தங்கைக்குச் சின்னமுத்து என்கிற தட்டம்மை. அம்மை கண்ட வீடுகளைத் தேடும் சுகாதாரப் பரிசோதகர் தெரு ஒழுங்கைக்குள் வருகிறார் என்றதும், சின்னப்பிள்ளையான நீங்கள் வேப்பிலையை அவிழ்த்து எறிந்தீர்கள். அவர் கடந்து போய்விட்டார். வெறும் படலையைத் திறந்துகொண்டு முன்வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு வந்தாள். இவ்வளவுதான் சொன்னீர்கள். அந்தக் குழந்தைக்கு என்ன ஆனது என்று கேட்டால் எழுந்து போய்விடுவீர்கள்.

போன வாரம் சுவிஸ் நாட்டு வின்டர்தூரில் தம்பியின் மகள் நிலாவுக்கும் அதே சின்னமுத்து வருத்தம். கட்டிடத்தில் எல்லோருக்கும் அறிவிக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். தம்பி மனைவி வசந்தி ஒருவருக்கும் சொல்லவில்லை. தமிழ்க் கடையில் வாங்கிய வேப்பிலையைக் கதவின் உட்பக்கத்தில் கட்டியிருந்தாள். கீழ்வீட்டுச் சுவிஸ் பெண்ணோ கைக்குழந்தையோடு தேத்தண்ணிக்கு மேலே வருகிறவள். நிலாவுக்குக் காய்ச்சல் தொடங்கிய அன்றும் வந்தாளாம்.

"அவவுக்குச் சொன்னனீரோ?" பிள்ளையைப் பார்க்கப் போன நான் வசந்தியைக் கேட்டேன்.

"அம்மாள் வந்திருக்கிற வீட்டிலை வருத்தத்தின்ரை பேர் சொல்லக்கூடாது மச்சாள். சொன்னாலும், தமிழர் கொண்டு வந்திட்டினம் எண்டுதானே கதைப்பினம்?"

நான் உயிரியல் படித்தவள், அம்மாளை நம்பாதவள். தடுப்பூசியைப் பற்றித் தொடங்கினால் சண்டையில் முடியும். அதனால் உங்கள் படலையின் கதையைச் சொன்னேன். வேப்பிலை அம்மாளுக்கு மட்டுமா, வருகிறவர்களுக்கும்தானே, உள்ளே கட்டினால் யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். படிக்கட்டில் சத்தம் கேட்டபோதெல்லாம் இருவரும் கதவைப் பார்த்தோம்.

நானே சொல்லிவிடலாம் என்று கீழே போக எழுந்தேன். வசந்தி மறித்தாள்.

"விடிய நானே சொல்லுறன்."

நான் நம்பவில்லை. அங்கேயே தங்கினேன்.

மறுநாள் காலை வேப்பிலை வெளிப்பக்கத்தில் தொங்கியது. ஆனால் சுவிஸ்காரிக்கு அது என்ன விளங்கும்? மணியடித்து, இலை அழகாயிருக்கிறது, என்ன பண்டிகை என்று வெளியே நின்று கேட்டாள். குழந்தையின் மழலையும் கேட்டது. திறக்கப்போன என் கையை வசந்தி பிடித்துக்கொண்டாள். மூடிய கதவின் இப்பக்கம் நின்று அந்த வருத்தத்தின் பெயரை டொச்சில், அவர்களுடைய ஜெர்மன் மொழியில், சொன்னாள்: "மாசர்ன்." உள்ளே வரவேண்டாம், பிள்ளையை உடனே டொக்டரிடம் கொண்டுபோங்கள் என்றும் சொன்னாள். வெளியே அவள் படிகளில் ஓடி இறங்கும் சத்தம்.

இந்தக் குழந்தைக்கு என்ன ஆனது என்று யார் கேட்டாலும் நான் எழுந்து போகமாட்டேன், அப்பா.

உங்கள் மூத்த மகள்