சார்ஜர் கேட்காத கேள்வி

அன்பு மகளே,

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க ஆண்டவரிடம் கேட்டுக்கொள்கிறேன். மனசு எப்படி இருக்கிறது என்று நீ கேட்க மாட்டாய், அதனால் நானே எழுதுகிறேன்.

அப்பாவுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று, இப்போது என் தையலில் உள்ள கோணலெல்லாம் அவருக்குத் தெரிகிறது, என் நிம்மதி போயிற்று. அது கிடக்கட்டும். உன் சித்தி, போன் கடையில் கவர் மாட்டிக்கொண்டிருக்கிற என் அருமைத் தங்கை, இப்போது சபையில் பெரிய ஞாயிறு பள்ளி டீச்சர். எனக்கு முழங்கால் வலி வந்தபோது கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளடி என்று வகுப்பை அவளிடம் கொடுத்தவள் நான்தான், சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன். காணாமற்போன ஆட்டின் கதை சொல்ல நான் துணியில் வெட்டிப் பஞ்சு ஒட்டிய ஆடுகள் பீரோ மேல் தூசி தின்கின்றன. அவளுக்கு ஒரு சார்ஜர் போதும். "செத்துப்போன போனைச் செருகினா, இத்தனை நாள் எங்கே போயிருந்தேன்னு சார்ஜர் கேக்குமா? ஆண்டவரும் கேக்க மாட்டாரு" என்றாளாம். அதை வீடியோ எடுத்து உனக்கு அனுப்பினாளாம், நீ பார்த்து அழுதாயாம், அன்றைக்கே முழங்காலில் நின்றாயாம். "அக்கா, உன் பொண்ணு மறுபடி ஜெபம் பண்றா" என்று குக்கர் சத்தத்துக்கு மேலே கத்தி எனக்குச் சொன்னவளும் அவள்தான்.

நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். நீ ஊரைவிட்டுப் போனதிலிருந்து சபைப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லையே என்று அழுது ஜெபித்தவள் நான், பெயரைத் தட்டிக்கொண்டு போனவள் அவள். வயிறு பற்றி எரிந்தது மகளே, மறைப்பானேன். முழங்கால் தேவலை, இந்த வாரம் நானே வகுப்பு எடுக்கிறேன் என்று வீம்புக்குப் போய் நின்றேன். நம் பாவங்களை ஆண்டவர் டெலிட் செய்துவிடுகிறார் என்று நானும் புதுப் பாணியில் ஆரம்பித்தேன். முன்வரிசைக் குட்டி ஒன்று எழுந்து, "டெலிட் பண்ணினாலும் குப்பைத்தொட்டியில கிடக்குமே டீச்சர், திருப்பி எடுத்துடலாமே" என்றாள். நான் வேதாகமத்தைப் புரட்ட ஆரம்பித்தேன். கதவோரம் நின்ற உன் சித்தி, "அவரு தொட்டியையும் காலி பண்ணிடுவாரு செல்லம்" என்றாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். வீடு வரும்வரை அவளிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவளோ என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தாள், அது இன்னும் எரிச்சல்.

அவளைத் திட்டுவதற்காகவே அந்த வீடியோவைத் தேடிப் பார்த்தேன். பார்த்தபின் திட்ட வரவில்லை. நீ போன் செய்யும்போதெல்லாம், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், சபைக்குப் போனாயா, ஏன் போகவில்லை என்றுதானே கேட்டேன். நீ சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவாய். சிக்னல்தான் கோளாறு என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

இனிமேல் கேட்க மாட்டேன். கேட்டுவிட்டால் நினைவுபடுத்து. குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, மாப்பிள்ளைக்கும் சொல். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஒரே ஒரு உதவி. நீ ஜெபம் செய்கிறாய் அல்லவா, உன் அம்மாவுக்கு அவள் தங்கைமேல் இருக்கிற பொறாமை போக வேண்டும் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள். என் ஜெபத்தில் அது வாயில் வரமாட்டேன் என்கிறது. சித்தியிடம் சொல்லிவிடாதே, எனக்காக அவளும் ஜெபிக்க ஆரம்பித்துவிடுவாள்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா