ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை

ஹமேன்கூரோ,
ஜூன் 6

அன்புள்ள சைமிக்கு,

இங்கே நானும் பூனையும் நலம். உன் இடுப்பும் அதில் வைத்த புது மூட்டும் இதற்குள் சமாதானமாகியிருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் முதல் வாக்கியத்திலேயே வெட்டிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நாற்று நடும் இயந்திரம் ஒன்று வாங்கிவிட்டேன்.

பழையதுதான். டிராக்டருக்குப் பின்னால் மாட்டினால், இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து, சுழலும் கிண்ணங்களில் ஆளுக்கொரு வரிசைக்குக் கோஸ் நாற்றைப் போட்டுக்கொண்டே போகலாம். குனியவே வேண்டாம். "இனிமே என்னால குனிய முடியாது, நிலத்த வித்துடலாம்" என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது சொன்னாயே, அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. தூக்கம் கெட்ட மூளை எடுத்த முடிவு இது. சேமிப்பில் பாதி போய்விட்டது. மீதியைப் பார்க்கும் தைரியம் எனக்கில்லை.

வழக்கம்போல் அக்கம்பக்கத்தார் சனிக்கிழமை நடவுக்கு வந்துவிட்டார்கள். இந்த முறை வேடிக்கை பார்த்தால் போதும் என்றேன். பட்டாணி சூப் நான்தான் வைத்தேன். பக்கத்துப் பண்ணை கெர்த்து ஒரு கரண்டி குடித்துவிட்டு, "சூப் வைக்கவும் ஒரு மெஷின் வாங்கியிருக்கலாம்ல, வெய்க்கோ?" என்றாள்.

அவள் கணவன் ரவுனோ டிராக்டரை எடுத்தான். முதல் சுற்றில் ரயிலைப் பிடிக்கப் போகிறவன் போல ஓட்டியதில், பாதி நாற்று வேரை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றது. கத்திக் கத்தி அவனை நத்தை வேகத்துக்குக் கொண்டுவந்தேன். பிறகு வந்த வரிசை கோடு போட்டதுபோல் நேராக வந்தது. நான் கையால் நட்ட எதுவும் அப்படி வந்ததில்லை என்று உனக்கே தெரியும்.

நான் வலது இருக்கையில் இருந்தேன். இடதில் உட்கார கெர்த்து வந்தாள். போல்ட் லூஸாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேனோ. அவள் இருக்கையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை.

"சைமிக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"இன்னும் சொல்லல" என்றேன்.

அவள் போய் அந்த சூப்பில் இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடித்தாள், பாவம்.

ஆக, இடது இருக்கை காலியாகவே போனதில், நம் வயலில் இப்போது ஒரு வரிசை கோஸ், ஒரு வரிசை வெறும் மண். எனக்கு மூளை கழன்றுவிட்டது என்று கடையில் பேசிக்கொள்கிறார்களாம். அதை என்னிடம் கொண்டுவந்து சொன்னதும் கெர்த்துதான்.

மிச்ச நாற்று தட்டுகளில் நெட்டையாக வளர்ந்துகொண்டே போகிறது. இந்த வாரம் மண்ணில் இறங்காவிட்டால் வீண். உன்னை இந்த நிலையில், உனக்கென்று வைத்திருக்கும் அந்த இடது இருக்கையில் உட்காரவைக்க எந்த டாக்டரும் விடமாட்டார். அதனால் கேட்கிறேன்: இந்த வருடத்துக்கு மட்டும் கெர்த்து அங்கே உட்காரட்டுமா?

என்னைத் திட்டுவதெல்லாம் வீட்டுக்கு வந்து நிதானமாகத் திட்டிக்கொள். இப்போதைக்கு ஒரு வரி எழுது, போதும். 'உட்காரட்டும்' என்று மட்டும் எழுதிவிடாதே, சைமி. 'இந்த வருடத்துக்கு மட்டும்' என்பதையும் உன் கையாலேயே சேர்த்து எழுது.

கடவுள் உன் நடையை உனக்குத் திருப்பித் தரட்டும்.

தபால் பெட்டியடியிலேயே நிற்கும் உன் கணவன்,
வெய்க்கோ