திடுதிப்புக்கு நாம் எழுதிய பொருள்

இன்று காலை பள்ளிப் பிள்ளைகளுக்காக மைத்தூளைக் கரைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாசனை எழுந்ததுமே, பாளையங்கோட்டையில் நாம் எதிரெதிராக உட்கார்ந்து எழுதிய அறை ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

பாதிரியார் அகராதி செய்துகொண்டிருந்த காலம். நீங்கள் அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த முன்ஷி. சொற்களுக்குப் பொருள் கேட்டு வருவது உங்கள் வேலை. பெண்கள் பள்ளியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, அவற்றைத் திருத்தமாகப் படியெடுக்கும் வேலை. 'திடுதிப்பு' என்ற சொல்லில் நீங்கள் சிக்கிக்கொண்டீர்கள். 'கேடு முன்னறிவிப்பின்றி வருதல்' என்று பாதிரியார் எழுதியிருந்தார். உங்களுக்கு அது போதவில்லை. நான்கு நாள் ஊரெல்லாம் விசாரித்தீர்கள். குறுக்குத்துறையில் துணி வெளுப்பவர், இங்கே வெயில் காயும்போதே மலையில் பெய்த மழையால் ஆறு பெருகி, உலர்த்திய துணியையெல்லாம் வாரிக்கொண்டு போனதைச் சொன்னாராம். வண்டிக்காரர் நடுவழியில் மாடு செத்து விழுந்ததைச் சொன்னாராம்.

சோர்ந்துபோய் என்னிடமும் கேட்டீர்கள். கல்யாணமான எட்டாம் மாதம், காலையில் சிரித்துக்கொண்டே போன முதல் கணவரைச் சாயங்காலம் வாந்திபேதிக்குப் பறிகொடுத்தவள் நான். பாதிரியார் எழுதியதே சரி, எனக்கு வேறு அர்த்தம் தெரியாது என்றேன்.

வெகுநேரம் பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு தலை நிமிராமலே சொன்னீர்கள்: "நாளைக்கு நான் உங்க அப்பாகிட்ட வந்து உங்களைப் பொண்ணு கேக்கேன்னு வைங்க. அதுவும் திடுதிப்புன்னு வாரதுதானே? அதைக் கேடுன்னு எழுதுவியளா?"

பாதிரியாரின் வரியை விட்டுவிட்டு, 'நன்மையோ தீமையோ எதிர்பாராமல் வருதல்' என்று எழுதி உங்கள் பக்கம் நகர்த்தினேன்.

இரண்டு தரம் படித்தீர்கள். "பாதிரியார் கேட்டா என்ன சொல்ல?"

"விசாரிச்சாச்சுன்னு சொல்லுங்க."

கைம்பெண்ணுக்கு மறுபடியும் கல்யாணமா என்று சொந்தக்காரர்கள் சிலர் நம் கல்யாணத்தன்று கோயிலுக்கே வரவில்லை. அப்பா மட்டும் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஒன்பது வருஷம் வாழ்ந்தோம். உங்கள் சாவு சொல்லாமல் வரவில்லை. ஆறு மாதம் இருமி, எல்லோரிடமும் விடைபெற்று, பையப் போனீர்கள். தெரிந்தே காத்திருந்தும், அந்தக் காலை எனக்குத் திடுதிப்பென்றுதான் விடிந்தது.

உங்களை அறியும் முன்பெல்லாம், வாசலில் யாராவது விரைந்து வந்தால் கேடுதான் வந்துவிட்டது என்று உள்ளேயே நின்றுவிடுவேன். இப்போது அப்படி நிற்பதில்லை. யார் என்று தெரியாமலே, கதவைத் திறக்க எழுந்து போகும்போது முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிடுகிறது.