ஓம்னி வேனுக்குப் போட்ட பூட்டு

மெட்டுகுடா,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பிரசன்னாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை தாரிணி மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். ஜெர்மனிக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிற பிள்ளைக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். தொந்தரவுதான், மன்னித்துக்கொள். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா ஒரு பக்கம், பெரியப்பா ஒரு பக்கம் பேசி முடித்துவிடுகிறார்கள். நான் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான்தான், அதுவும் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தபாலில் படித்து. ஆனாலும் நாலு பேர் எதிரில் பேசச் சொன்னால் இன்றைக்கும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பேனா பிடித்தால்தான் கொஞ்சம் தைரியம் வருகிறது, கூடவே கொஞ்சம் திமிரும் வருகிறது, பொறுத்துக்கொள்.

முக்கியமான சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆயுத பூஜைக்கு மறுநாள் கிளம்பிப் போனதிலிருந்து நூர் சாச்சா வேலைக்கு வரவில்லை. அவர் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்று அப்பா உன்னிடம் சொன்னது பொய். மௌலாலியில் அவர் வீட்டில்தான் இருக்கிறார். நீ எல்.கே.ஜி. போன காலத்திலிருந்து அப்பாவோடு ஏசி சர்வீஸுக்குப் போகிற மனிதர், உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து சாமான் ஏற்றுகிற அதே ஓம்னி வேனில் குழாய்களுக்கு நடுவில் உட்காரவைத்துக் கூட்டி வந்தவர், நூர் முகமது என்ற பெயரை நம் வீட்டில் யாரும் முழுதாகச் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை, உங்கள் இரண்டு பேருக்கும் சித்தப்பா மாதிரி சாச்சா, எனக்கு பாய். அவர் இல்லாமல் அப்பா வேலைக்குப் போகிற லட்சணத்தைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வேனை ஒழுங்கு பண்ண வேண்டும் என்று நீ சொன்னது தப்பில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். அந்த ஓம்னியின் கதவைத் தள்ளினால் உள்ளே இருந்தது கடையும் இல்லை, குப்பையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. கேஸ் சிலிண்டர் மேல் செம்புக் குழாய்ச் சுருள், அதன் மேல் ட்ரில் மெஷின், அதன் மேல் நேற்றுத் தின்ற சமோசாவின் காகிதம். ஸ்க்ரூ எல்லாம் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில். எந்த பாட்டிலில் எது என்று இரண்டு பேரும் குலுக்கிப் பார்த்துச் சத்தத்தில் கண்டுபிடிப்பார்கள், அதைப் பெரிய வித்தை மாதிரி சொல்லிக்கொள்ளவும் செய்வார்கள். ஸ்பேனர் காணோம் என்றால் தேடுகிற வழக்கமே கிடையாது, நேராக ராணிகஞ்ச் போய்ப் புதிது வாங்குவார்கள். உன் அப்பா வேலை முடிந்ததும் கையில் இருப்பதை அவுட்டோர் யூனிட் மேலேயே வைத்துவிட்டு இறங்கி வருகிறவர். இந்த ஊரில் பாதி மொட்டை மாடிகளில் அவருடைய ஸ்பேனர்கள் வெயில் காய்கின்றன. நூர் சாச்சா மட்டும் என்ன, மீசைக்கு ஒரு முடி விடாமல் டை அடிக்கத் தெரிந்த மனிதருக்கு ஒரு டப்பாவுக்கு மூடி போடத் தெரியாது.

அதற்கு நீ அனுப்பினாயே ஒரு வீடியோ. கிடங்கில் பார்ட் டைம் வேலைக்குப் போனதிலிருந்து உனக்கு உலகத்தில் உள்ள எல்லாப் பொருளும் தப்பான இடத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது, என் அஞ்சறைப்பெட்டி உட்பட. அந்த வெள்ளைக்காரன் தன் வேனுக்குள் கைவீசி நடக்கிறான், நம் ஓம்னியில் உன் அப்பா நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்திலேயே ஸ்பாஞ்சில் பள்ளம் வெட்டவேண்டுமாம், திருப்பி வைக்காவிட்டால் காலிப் பள்ளம் காட்டிக்கொடுக்குமாம். நன்றாகவே காட்டிக்கொடுத்தது. வெட்டிய அன்றைக்கே பாதிப் பள்ளம் காலி. வேனின் உள்சுவரில் அடித்த கொக்கிகள் மட்டும் உபயோகமாக இருக்கின்றன, அதைச் சொல்லாவிட்டால் என் வாய் அழுகிப்போகும்.

இதைச் செய்து முடிக்க நீ பிடித்த ஆள் உன் பெரியப்பா. ராமச்சந்திராபுரம் ஃபேக்டரி ஸ்டோர்ஸிலிருந்து ரிடையர் ஆனபின் அதிகாரம் பண்ண இடம் கிடைக்காமல் பெரியம்மாவின் பருப்பு டப்பாக்களுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்த மனிதர், ஒரு முழு வேன் கிடைத்தால் விடுவாரா. ஆயுத பூஜைக்கு வழக்கம்போல் வேனைக் காலி பண்ணிக் கழுவி, சாமான்களைத் துடைத்து ஹாலில் சாமி படத்துக்கு முன் பரப்பிப் பொட்டு வைத்தோம். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடக் கூடாதே, அந்த இடைவெளியில் கார்ப்பெண்டரைக் கூட்டி வந்து காலி வேனுக்குள் பலகையும் டிராயரும் அடித்துவிட்டார். மறுநாள் உள்ளே அடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் நம்பர். தினமும் கேஸ் அளக்கத் தேவைப்படுகிற கேஜ், விலை கூடியதாம், அதனால் பின்னால் அடியில். எப்போதோ ஒரு தடவை எடுக்கிற தகரக் கத்தரி, அதன் நம்பர் ஒன்று என்பதால் கதவைத் திறந்ததும் முன்னால். நூர் சாச்சா இதற்கெல்லாம் கோபப்படவில்லை. எனக்கும் ஒரு நம்பர் கொடுத்துவிடுங்கள், கூப்பிட்டால் வரவேண்டும் அல்லவா என்று ஹிந்தியில் கேட்டார். பெரியப்பா அதை யோசித்தும் பார்த்தார்.

இப்போது பெரியப்பாதான் அப்பாவோடு வேலைக்குப் போகிறார். போன வாரம் பேகம்பேட்டில் ஒரு ஆபீஸ். வழியில் முதல் ஸ்பீட் பிரேக்கரிலேயே பூட்டாத டிராயர் எல்லாம் நாக்கை நீட்டிவிட்டதாம். யூனிட் மாடி ஜன்னலுக்கு வெளியே இரும்பு ஸ்டாண்டில் இருக்கிறது. நூர் சாச்சா இருந்தால் அப்பாவின் இடுப்பில் கட்டிய கயிற்றைத் தன் தோளில் சுற்றிக்கொண்டு, ஜன்னலுக்கு உள்ளே காலை உதைத்து உட்கார்ந்து, ஊர்க் கதை பேசிக்கொண்டிருப்பார். அன்றைக்குக் கயிறு ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தது. பெரியப்பா கீழே வேனில் எந்தச் சாவி எந்த டிராயருக்கு என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஆபீஸ் பெண் ஒருத்தி பில்லில் இருந்த என் நம்பருக்குப் போன் பண்ணி, ஆன்ட்டி, அங்கிள் வெளியே தனியாக நிற்கிறார், கால் வழுக்கி ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு ஏறினார், பார்க்கவே பயமாக இருக்கிறது என்று சொன்னாள். வீட்டுக்கு வந்த அப்பா, முழங்கையில் டிராயர் இடித்துவிட்டது என்றார். நானும் அதையே நம்பிய மாதிரி மருந்து போட்டேன். வேறு ஆளையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதற்கு, "கயித்த எவன் கையில வேணா குடுத்துட முடியாது" என்றார். அப்படியானால் பாயைக் கூப்பிடுங்கள் என்றேன். எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று எழுந்து போய்விட்டார்.

அவர் ஏன் போனார் என்பதற்கு வருகிறேன். பெரியப்பாவின் நம்பரால் என்று நினைப்பாய். எனக்கும் பழியை அவர் தலையில் போட ஆசைதான், எதைப் போட்டாலும் தாங்குகிற தலை அது. ஆனால் அடுக்கிக்கொண்டிருக்கும்போது நீ வீடியோவில் வந்தாய். அப்பா போனை ஆட்டி ஆட்டி வேன் முழுக்கக் காட்டினார். உள்ளே குழாயைக் கட்டிக்கொண்டிருந்த நூர் சாச்சாவிடம் ஹிந்தியில் நலம் விசாரித்தாய். அடுத்த மூச்சில், வீட்டில் தமிழில் பேசு என்று நான் கெஞ்சினாலும் தெலுங்கிலும் இங்கிலீஷிலுமே பதில் சொல்லி வளர்ந்த பிள்ளை, அன்றைக்கு மட்டும் நல்ல தமிழில் சொன்னாய்: "அப்பா, செம்பு வைக்கிற டிராயருக்குப் பூட்டுப் போடுங்க. சாவி பெரியப்பாகிட்ட இருக்கட்டும், அவர்கிட்ட வேணாம். இத்தன சாமான் தானா காணாமப் போகாது."

இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்த நம்மவர்கள் எல்லாருக்கும் இருக்கிற வியாதி இது. லிஃப்டிலும் மெட்ரோவிலும் பக்கத்தில் நிற்கிறவரைப் பற்றியே சத்தமாகத் தமிழில் பேசுவோம், கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற நினைப்பில். இத்தனை வருஷம் நம் வீட்டு வாசலில் டீ குடித்த மனிதருக்குத் தமிழ் புரியாமல் இருக்குமா. நான் தாரிணியைத் திட்டும்போது முதலில் சிரிக்கிறவர் அவர்தான், நீங்கள் யாரும் அதைக் கவனித்ததில்லை. வேனிலிருந்து இறங்கினார், கையைத் துடைத்தார், அப்பாவைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார்: "பூட்டு வாங்குறதா இருந்தா பெருசா வாங்குங்க அண்ணா. சின்னது நக்கோ, வேணாம்." பிறகு மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் நடந்து போய்விட்டார். பெரியப்பா சாயங்காலமே பூட்டு வாங்கி வந்தார், பெரியதாக. நல்ல யோசனையை யார் சொன்னால் என்னவாம்.

பூட்டை நேற்று நான் கழற்றிவிட்டேன், யாரையும் கேட்கவில்லை. ஆனால் அவர் பூட்டுக்காகப் போகவில்லை என்பது உனக்கே தெரியும். அப்பாவுக்கு நாளை மறுநாள் இன்னொரு மாடி வேலை இருக்கிறது.

தாரிணிக்குப் பரீட்சை நெருங்குகிறது, அவளுக்கு இரண்டு வரி தைரியம் சொல்லி அனுப்பு. ஃப்ரிட்ஜில் வைத்ததை மூன்றாம் நாள் சூடு பண்ணித் தின்னாதே. ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீ நோயில்லாமல் நீண்ட நாள் இருக்கவேண்டும், படிப்பும் வேலையும் நல்லபடி அமையவேண்டும், நல்ல புத்தி மட்டும் மற்றதற்கெல்லாம் கொஞ்சம் முன்னாலேயே வந்து சேரவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

கேட்க வந்ததை இவ்வளவு நேரம் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். இதைப் படித்து முடித்ததும் நூர் சாச்சாவுக்குப் போன் பண்ணு. அப்பாவின் கஷ்டத்தைச் சொல்லி இழுக்காதே, பெரியப்பா மேல் தள்ளாதே, வேலைக்கு வாருங்கள் என்றும் கேட்காதே, வருவதும் வராததும் அவர் இஷ்டம். நான் சொன்னது தப்பு என்று மட்டும் சொல்லு. தமிழிலேயே சொல்லு.

உன் அம்மா,
வசந்தகுமாரி