வெர்னின் மேட்டு நிலம்

மார்ச் 3, செவ்வாய்

போட்ட காப்பி ஆறிவிட்டது. எங்கள் வட்டாரத்தை நடத்தும் கவுண்டி மன்றத்தில் ஐந்து பேர். தேவாலயத்திலிருந்து ஒரு மைலுக்குள் காற்றாலை கூடாது என்ற புது விதிக்கு இரண்டு பேர் சரி, இரண்டு பேர் வேண்டாம். மிச்சம் நான்.

அந்த ஒரு மைலுக்குள் காற்றாலை வைக்கத் தோதான மேடு ஒன்றுதான். என் தம்பி வெர்னுடையது. கம்பெனிக்காரர்களோடு பேசி முடித்துவிட்டான், கையெழுத்துதான் பாக்கி. மேட்டுக்குக் கீழே, தேவாலயக் கல்லறையில்தான் அப்பாவையும் அம்மாவையும் புதைத்திருக்கிறோம்.

ஐந்து பேரும் ஒரே கட்சி, ஐந்து பேரும் மரபைப் பேணும் கன்சர்வேடிவ். பிறகு எப்படி இரண்டுக்கு இரண்டு?

மார்ச் 8, ஞாயிறு

வெர்ன் மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். பன்றி வறுவலில் ஒரு வாய்தான் வைத்தான்.

"அப்பா எனக்கு எழுதிக் குடுத்த நிலம்க்கா. அதுல என்ன வைக்கணும்னு அரசாங்கம் சொல்லக் கூடாதுன்னுதானே நாம கேட்டு வளர்ந்தோம். இப்ப அந்த அரசாங்கமே நீதான்."

கல்லறையைப் பற்றிச் சொன்னேன். செத்தவர்களைக் காற்றாலை என்ன செய்யும் என்று கேட்டான். என் கணவர் லியோன் தட்டோடு எழுந்து போய்விட்டார்.

மார்ச் 16, திங்கள்

நாளை ஓட்டு. நான் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் — செத்தவர்களுக்கா, இருக்கிறவனுக்கா?

மார்ச் 17, செவ்வாய்

பள்ளிக்கூட விளையாட்டரங்கில் கூட்டம் நிரம்பி வழிந்தது. போன தேர்தலில் கட்சி எங்களிடம் கையெழுத்து வாங்கிய உறுதிமொழி அட்டையை இரண்டு தரப்பும் நகலெடுத்து வந்து ஆட்டினார்கள். ஒரே அட்டை! ஒரு தரப்பு கோடு போட்டிருந்த வரி, 'சொந்த நிலத்தில் அரசு தலையிடாது.' மறு தரப்பு கோடு போட்டிருந்தது அதற்கு அடுத்த வரி, 'முன்னோர் விட்டுச்சென்றதைக் காப்போம்.' இரண்டுக்கும் கீழே என் கையெழுத்து. கட்சி விருந்தில் கேக்கைத் தின்றுகொண்டே படிக்காமல் போட்டது. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

பேச ஆளுக்கு மூன்று நிமிடம். வெர்ன் ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "அது என் நிலம். அவ்வளவுதான்" என்றான். என் பக்கம் திரும்பவே இல்லை.

விதிக்கு ஆம் என்று சொன்னேன்; மூன்றுக்கு இரண்டில் நிறைவேறியது. அம்மாவை நினைத்துத்தான் சொன்னேன்.

மார்ச் 22, ஞாயிறு

வெர்ன் வரவில்லை. அவனுக்கு வைத்த தட்டைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

மேட்டின்மேல் ஒரு வைக்கோல் வண்டி. அதில் ஆளுயரப் பலகை. மே மாதம் கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் என்னை எதிர்த்து நிற்பவரின் பெயர், கீழே 'உண்மையான கன்சர்வேடிவ்'. என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே. பாவி, பார்த்துப் பார்த்து நிறுத்தியிருக்கிறான். பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதைத்தான் பார்க்கணும். இவனையா நான் தூக்கி வளர்த்தேன்?

ஏப்ரல் 27, திங்கள்

கவுண்டி அலுவலகத்திலிருந்து போன். பலகை அனுமதித்த அளவைவிடப் பெரிதாம், நான் ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே எடுத்துவிடுவார்களாம். லியோன் பக்கத்தில் நின்று, சொல்லு சொல்லு என்று தலையாட்டினார்.

இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

மே 12, செவ்வாய்

கட்சி வேட்பாளர் தேர்தல். பத்தொன்பது ஓட்டில் தோற்றேன்.

மே 13, புதன்

காலையில் வெர்ன் வந்தான். உள்ளே வராமல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"பலகையை எடுக்க வேணாம்னு சொன்னது நீதானாமே?"

"உன் நிலம்தானேடா."

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான்.

"இதை மார்ச் மாசமே சொல்லியிருக்கலாமேக்கா" என்றான்.